பலகைக்குள் கோப்பு அனுப்பும் கருவி

பைக்கோ என்னும் சிறு மின்னணுப் பலகையை உங்களில் சிலர் கையாண்டிருப்பீர்கள். 2021-இல் முதல் பைக்கோ வெளிவந்தபோது அதன் விலை 4 டாலர். அதன் தற்காலிக நினைவகம் 264 கிலோபைட். மின்சாரம் நின்றாலும் அழியாத ஃபிளாஷ் நினைவகம் 2 மெகாபைட். டேமியன் ஜார்ஜ் என்ற இயற்பியலாளர் உருவாக்கிய மைக்ரோபைத்தானை இதில் ஏற்றிவிட்டால், பலகைக்குள்ளேயே கோப்புகளை வைத்துக்கொள்ளலாம். ஆனால் பலகைக்குத் திரையும் இல்லை, விசைப்பலகையும் இல்லை. கோப்பை உள்ளே அனுப்புவது எப்படி?

இதற்காக மைக்ரோபைத்தான் குழுவினரே தரும் கருவி எம்பிரிமோட். கணிப்பொறியில் ஆணைகளைத் தட்டச்சு செய்து இதனை இயக்க வேண்டும். எல்எஸ் என்றால் கோப்புப் பட்டியல், சிபி என்றால் நகல், ஆர்எம் என்றால் நீக்கம். யூனிக்ஸ் பழகியவருக்கு இதில் புதுமை ஏதுமில்லை.

இது வேலை செய்யும் விதம் சுவையானது. நீங்கள் பட்டியல் கேட்டால், கருவி ஒரு சிறு பைத்தான் நிரலை யூஎஸ்பி கம்பி வழியே அனுப்புகிறது. பலகை அதனை இயக்கி விடையைத் திருப்பி அனுப்புகிறது. பலகையில் வேறெதனையும் நிறுவ வேண்டியதில்லை. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்நிரலை ஏற்பதற்குப் பலகை தான் செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்தியாக வேண்டும். கருவி முதலில் ஓடும் நிரலை நிறுத்துகிறது; பிறகு மென்மீட்டமைப்புச் செய்து தற்காலிக நினைவகத்தைத் துடைத்துவிடுகிறது.

இதன் பொருளை எங்கள் ஆய்வகத்தில் கண்டோம். நியூட்டனின் குளிர்தல் விதிக்காக ஒரு மாணவர் சூடான நீரின் வெப்பநிலையை 10 நொடிக்கு ஒருமுறை பதிவு செய்துகொண்டிருந்தார். அளவீடுகள் நினைவகத்தில் ஒரு பட்டியலாகச் சேர்ந்தன. முடிவில்தான் கோப்பில் எழுதுவதாக நிரல். அரை மணிக்குப் பிறகு, 'உள்ளே என்ன இருக்கிறது பார்ப்போம்' என்று எல்எஸ் ஆணையைத் தட்டினார். அவ்வளவுதான், அளவீடுகள் அத்தனையும் போயின. முன்கூட்டியே சொல்லாத குற்றம் என்னுடையது. ரெஸ்யூம் என்ற சொல்லை முன்னால் சேர்த்தால் நினைவகம் துடைக்கப்படாது. ஆயினும் ஓடும் நிரல் நிற்கத்தான் செய்யும். பார்ப்பதற்கான ஓர் ஆணை இப்படி அழிக்கவும் செய்வது, என் கருத்தில், இக்கருவியின் பெருங்குறை. ரெஸ்யூமே இயல்பாக இருந்திருக்க வேண்டும்.

அடுத்தது முக்காற்புள்ளி. நகலெடுக்கும்போது பெயருக்கு முன் முக்காற்புள்ளி இட்டால் பலகையிலுள்ள கோப்பு, இடாவிட்டால் கணிப்பொறியிலுள்ளது. தவறான இடத்தில் இட்டால், கணிப்பொறியிலுள்ள பழைய கோப்பு பலகையிலுள்ள புதிய அளவீடுகளின் மேல் ஏறிவிடும், 'சம்மதமா?' என்று கருவி கேட்பதில்லை. நீக்கத்திற்கோ புள்ளி இருந்தாலும் இல்லாவிட்டாலும் பலகைதான். ஒரே கருவிக்குள் இரண்டு இலக்கணம்! தேர்வுத்தாளில் மாணவர் இப்படி எழுதினால் நாம் மதிப்பெண் குறைப்போம்.

இவ்வளவு சொன்ன நான் இதனை நாள்தோறும் பயன்படுத்துகிறேன் என்பதையும் சொல்ல வேண்டும். காரணம் மவுண்ட் என்னும் ஆணை. கணிப்பொறியிலுள்ள ஒரு கோப்புறையைப் பலகை தன்னுடையதைப் போலவே படிக்கும்படி இது செய்கிறது. நிரலில் ஒரு வரியை மாற்றினால் ஒவ்வொரு முறையும் நகலெடுக்க வேண்டியதில்லை; ஃபிளாஷும் தேயாது. கம்பியைப் பிடுங்கினால் கோப்புறையும் மறைந்துவிடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

அந்த மாணவர் மறுநாள் நிரலைத் திருத்தி, ஒவ்வோர் அளவீட்டையும் உடனுக்குடன் கோப்பில் எழுதி, ஃப்ளஷ் ஆணையும் கொடுத்தார். நீர் ஆறி முடியும் வரை கணிப்பொறிப் பக்கம் போகவில்லை.