யாருக்காக உலை வைப்பது?

துக்க வீட்டில் அடுப்பு எரியக் கூடாது என்பது நம் பக்கம் இன்னும் பல குடும்பங்களில் உள்ள வழக்கம். சோறும் ரசமும் பக்கத்து வீட்டிலிருந்தோ சம்பந்தி வீட்டிலிருந்தோ வரும். ‘ரெண்டு வாய் சாப்பிடு’ என்று யாராவது தட்டை நீட்டுவார்கள். யூதர்களிடமும் இதே ஏற்பாடு உண்டு: அடக்கம் முடிந்து திரும்பியதும் உண்ணும் முதல் உணவு, துக்கம் காப்பவரின் சொந்தச் சமையலாக இருக்கக் கூடாது. அவித்த முட்டை, பருப்பு என்று அக்கம்பக்கத்தார்தான் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். மரபு இப்படிக் கரண்டியைக் கையிலிருந்து வாங்கிவிடுகிறது. கடந்த நாற்பது ஆண்டுகளில் வந்த சில முக்கியமான புத்தகங்களோ அதைத் திரும்பக் கையில் கொடுக்கின்றன.

1988-ல் வெளிவந்த பனானா யோஷிமோட்டோவின் ‘கிச்சன்’ இந்த வரிசையில் முதலில் நிற்பது. பாட்டியும் இறந்து தனித்துவிட்ட மிகாகே என்ற பெண்ணுக்குச் சமையலறையில், குளிர்பதனப் பெட்டியின் அருகில் படுத்தால்தான் தூக்கம் வருகிறது. பிறகு அவள் சமையல் கற்கிறாள், அதையே வேலையாகவும் கொள்கிறாள். ஆனால் நாவலின் உயிர் அந்தப் பயிற்சியில் இல்லை. வெளியூரில் ஓர் இரவு கட்சுடோன் சாப்பிடுகிறாள். பொரித்த பன்றி இறைச்சியை முட்டையோடு வேகவைத்துச் சோற்றின் மேல் கவிழ்த்துத் தருவது அது. அசாத்திய ருசி. இன்னொன்று கட்டித் தரச் சொல்லி, டாக்சி பிடித்து, தாயாய் வளர்த்தவரைப் பறிகொடுத்து எங்கோ ஒரு விடுதியில் முடங்கிக் கிடக்கும் தன் நண்பன் யூய்ச்சியிடம் கொண்டுபோகிறாள். விடுதிக் கதவு பூட்டியிருக்க, கூரையேறி அவன் அறைக்குப் போகிறாள். அந்தப் பொட்டலம் அவள் சமைத்ததே அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். சமையல் ஆற்றும் என்று இந்நாவலைக் காட்டிச் சொல்பவர்கள் பெரும்பாலும் இதைத் தவறவிடுகிறார்கள்.

மிஷெல் ஸானரின் ‘கிரையிங் இன் ஹெச் மார்ட்’ (2021) தன்வரலாறு. கொரியத் தாய் 2014-ல் புற்றுநோயில் இறக்கிறார். கடைசி மாதங்களில் உதவிக்கு வந்த தாயின் தோழி அடுப்படியைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ள, அம்மாவுக்கு இறங்கும் பைன் கொட்டைக் கஞ்சியைச் செய்யக்கூட மகளுக்கு வாய்க்கவில்லை. சாவுக்குப் பிறகு மாங்ச்சி என்பவரின் யூட்யூப் காணொளியைப் பார்த்து அதே கஞ்சியைக் காய்ச்சிக் குடிக்கிறார். பிறகு கிம்ச்சி போட ஆரம்பிக்கிறார். செய்ய முடியாமல் போனதைக் கை தாமதமாகச் செய்து தீர்க்கிறது. உண்பவரும் மகள்தான், ருசி பார்ப்பது மட்டும் தாயின் நாக்கு.

ஜோன் டிடியன் இதற்கு எதிர்ப்பக்கம். 2003 டிசம்பர் 30 இரவு, சாப்பாட்டு மேசையிலேயே அவர் கணவர் மாரடைப்பில் சரிந்தார். 2005-ல் வந்த நினைவு நூலில், நண்பர் ஒருவர் சைனாடவுனிலிருந்து வாங்கிவந்த கஞ்சி மட்டுமே தொண்டையில் இறங்கியது என்கிறார். பசிக்கிறதா என்று கேட்காமல் சூடாக ஏதாவது கொடுங்கள் என்று சொல்லும் எமிலி போஸ்டின் 1922-ஆம் ஆண்டு நடத்தை நூல், நவீன உளவியலைவிடத் தனக்கு உதவியதையும் சொல்கிறார். நியூயார்க்கின் பெரிய எழுத்தாளர் வந்து சேர்ந்த இடம் நம் பக்கத்து வீட்டு ரசம்தான்.

உளவியலிலும் உருப்படியான விளக்கம் இல்லாமலில்லை. 1999-ல் ஸ்ட்ரோபே, ஷூட் என்ற நெதர்லாந்து ஆய்வாளர்கள், துக்கத்தில் இருப்பவர் இழப்பை நினைத்து அழுவதற்கும் அன்றாட வேலைகளைப் பார்ப்பதற்கும் இடையே மாறி மாறிப் போய்வருகிறார் என்றும், அந்தப் போக்குவரத்தே நலம் தருகிறது என்றும் எழுதினார்கள். துணி மடிப்பதும் பாத்திரம் தேய்ப்பதும் ஏன் மூச்சுவிட இடம் தருகின்றன என்பது இதில் புரிகிறது. இந்த விளக்கத்துக்குப் பிடி கிடைக்காத இடம் சமையல். துணையை இழந்த முதியவர்களுக்குச் சாப்பாட்டில் நாட்டம் குறைவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ருசி சொல்ல ஆளில்லாத வீட்டில் கறிவேப்பிலை தாளிக்கக் கை வருவதில்லை. உண்ண ஓர் ஆள் கிடைத்தால்தான் சமையல் ஆறுதலாகிறது என்பது என் எண்ணம்; மிகாகே டாக்சி பிடித்ததும் அதற்குத்தான்.

புறநானூற்றின் 249-ஆம் பாட்டில் கணவனை இழந்தவள் அவனுக்கு உணவு படைக்கச் சுளகளவு இடத்தைச் சாணமிட்டு மெழுகுகிறாள். தண்ணீருக்குப் பதில் கண்ணீர். உண்பவன் இறந்தவன், ஆனாலும் அவன்தான் உண்பவன். இன்றைய படையலில் கருவாட்டுக் குழம்பும் சுருட்டும் இடம்பெறுவதும் இதனால்தான்: அவருக்கு உப்பு சற்றுத் தூக்கலாக வேண்டும் என்று நினைத்து நினைத்துச் செய்ய ஒரு நாள் கிடைக்கிறது. அதே தொகையின் 246-ஆம் பாட்டிலோ நெய்யில்லாத பழஞ்சோறும் எள் துவையலும் வேளைக்கீரையும் கைம்பெண்ணுக்கான தண்டனையாக வருகின்றன. அதைவிடத் தீயே மேல் என்கிறாள் பூதப்பாண்டியன் மனைவி.

இந்த மேற்கத்திய, ஜப்பானியப் புத்தகங்களுக்குள் வராத பெண் ஒருத்தி உண்டு. காரியம் முடிந்த மறுநாளே பிள்ளைகளின் பள்ளிக்கூட டிபனுக்கு மாவரைக்கப் போனவள். அவளுக்கு அது ஆறுதலா, சுமையா என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் இரண்டும்தான் என்றிருப்பாள், இட்லித்தட்டில் மாவை ஊற்றிக்கொண்டே. மனைவி போன பின்பு கடுகு டப்பா எதுவென்று தெரியாமல் நிற்கும் தாத்தாக்களைப் பற்றியோ நம்மிடம் நகைச்சுவைத் துணுக்குகள் மட்டுமே இருக்கின்றன.