அடிமை முறையின் எச்சமும் திரைமொழியும்: ‘ஜகாட்’ திரைப்படத்தை முன்வைத்து

அடிமை முறையைப் பேசும் திரைப்படம் என்றவுடன் விலங்கு, சவுக்கு, வெள்ளை முதலாளி ஆகிய மூன்றும் நம் நினைவுக்கு வருகின்றன. இவற்றுள் ஒன்றேனும் இடம்பெறாத ஒரு படத்தை அவ்வகையில் வைத்து நோக்க இயலுமா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா. சஞ்சை குமார் பெருமாள் இயக்கி 2015ஆம் ஆண்டு திசம்பரில் வெளிவந்த மலேசியத் தமிழ்ப்படமான ‘ஜகாட்’ இவ்வினாவுக்கு உரிய களமாக அமைகிறது. பெருநிறுவனப் பின்புலமின்றி எடுக்கப்பட்ட இச்சுயாதீனப் படத்தைக் குண்டர் கும்பல் கதை என்றே பலரும் வகைப்படுத்தினர். அவ்வகைப்பாடு பிழையன்று, ஆயினும் அது போதுமானதன்று.

வரலாற்றுப் பின்புலம்

மலாக்கா வரலாறு இதனை விளங்கிக்கொள்ளத் துணை செய்யும். இங்குத் தமிழர் முதலில் வணிகராகவே வந்தனர். மலாக்காச் செட்டிகளின் காஜா பேராங் குடியிருப்பும், 1781இல் எழுப்பப்பட்ட பொய்யாத விநாயகர் கோயிலும் அதற்குச் சான்றாக நிற்கின்றன. பின்னர் 1896இல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் வணிக நோக்கில் ரப்பர் பயிரிட்டார். அதனைத் தொடர்ந்து பெருகிய தோட்டங்களில் வேறொரு தமிழர் கூட்டம் கூலிகளாகக் குடியேறியது. ஒரே மாநிலத்தில், ஒரே மொழியினர், இருவேறு மதிப்புகளைப் பெற்றனர். இழிவு பிறப்பால் வந்ததன்று, தொழில் அமைப்பால் ஏற்றப்பட்டது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

பிரித்தானியப் பேரரசு 1833இல் அடிமை ஒழிப்புச் சட்டத்தை இயற்றிய பின்னர் அதன் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. அத்தேவையை நிறைவேற்றிய வழிகளுள் முதன்மையானது ஒப்பந்தக் கூலி முறை. வரலாற்றறிஞர் ஹியூ டிங்கர் 1974இல் வெளியிட்ட தம் நூலுக்கு ‘ஒரு புதிய அடிமை முறை’ எனப் பொருள்படும் தலைப்பையே சூட்டினார். மலாயாவில் இம்முறை 1910இல் முடிவுக்கு வந்தது. கங்காணி முறை 1938 வரை நீடித்தது. கூலி, சட்டப்படி எவருடைய உடைமையும் அல்லன். ஆயினும் கடனும் தூரமும் அவனைக் கட்டிப்போட்டன. எனவே இரண்டையும் ஒன்றெனக் கூறுவது மிகை. தொடர்பற்றவை எனக் கூறுவது அதனினும் பெரும் பிழை.

பரதேசியும் ஜகாட்டும்

இக்கட்டுண்ட நிலையை நேரடியாகக் காட்டியது பாலாவின் ‘பரதேசி’ (2013). மருத்துவர் பி. எச். டேனியல் 1969இல் எழுதிய ‘ரெட் டீ’ என்னும் ஆங்கிலப் புதினத்தைத் தழுவிய அப்படத்தில் கங்காணியின் ஆசைமொழி, தேயிலைத் தோட்டத்துக்கான நெடும்பயணம், தீராக்கடன், கொள்ளைநோய் யாவும் காட்சிகளாகின்றன. கொடுமை கண்முன் நிகழ்வதால் பார்வையாளன் அழுகிறான். அழுது முடித்ததும் அது பழங்கதை என ஆறுதல் கொள்கிறான்.

‘ஜகாட்’ அவ்வாறுதலைத் தர மறுக்கிறது. கதை நிகழ்வது 1990களின் தொடக்கத்தில். தோட்டங்களிலிருந்து பெயர்க்கப்பட்ட தமிழர்கள் நகரோரப் புறம்போக்கு நிலங்களில் குடியேறியிருந்த காலம் அது. பன்னிரண்டு வயதுச் சிறுவன் அப்போய் கதையின் மையம். கூலித் தொழிலாளியான தந்தை மணியம், மகன் படித்து முன்னேற வேண்டும் என்று அடித்து வளர்க்கிறார். போதைப்பழக்கத்தால் சிதைந்தவர் ஒரு சிற்றப்பர். ‘மெக்சிகோ’ என்னும் பட்டப்பெயரோடு குண்டர் கும்பலில் வாழ்பவர் மற்றொருவர். மூவரும் ஒரே அமைப்பின் மூன்று விளைவுகள்: பணிந்தவர், சிதைந்தவர், திமிறியவர். சிறுவன் திமிறியவரையே வியக்கிறான்.

இங்கு எதிரி எங்கே என்னும் வினா எழுகிறது. பிற இனத்தவர் எவரும் கொடியவராகக் காட்டப்படவில்லை. அமெரிக்க இயக்குநர் ஜோர்டன் பீல் ‘கெட் அவுட்’ (2017) படத்தில் இனவெறியை இன்முகம் காட்டும் ஒரு குடும்பத்துக்குள் ஒளித்துவைத்து அச்சத்தை எழுப்பினார். ‘ஜகாட்’ படத்திலோ ஒளிந்திருக்கும் முகம்கூட இல்லை. நிலமற்ற இருப்பும் மாற்று வழியற்ற வேலையுமே அச்சத்தை வளர்க்கின்றன. தோட்டத்தில் கங்காணியின் கையிலிருந்த பிரம்பு, நகரத்தில் தந்தையின் கைக்கும் ஆசிரியரின் கைக்கும் மாறியிருக்கிறது. இதுவே படத்தின் ஆழமான கண்டுபிடிப்பு எனலாம்.

தமிழாசிரியர்கள் இதனை ஊன்றி நோக்குதல் வேண்டும். பாடநூலுக்குள் அடங்காத அப்போயின் கற்பனை பள்ளியில் பாராட்டுப் பெறுவதில்லை, தண்டனையே பெறுகிறது. ‘ஜகாட்’ என்பது ‘ஜஹாட்’ என்னும் மலாய்ச் சொல், மலேசியத் தமிழர் நாவில் பெற்ற வடிவம். தீயவன் என்பது பொருள். வேற்றுமொழிச் சொல் ஒன்று தமிழ்ச் சிறுவனுக்கு முத்திரையாகிறது. அதனை நாமே தமிழ்ப்படுத்தி உச்சரிக்கிறோம். பாச்சாங் போன்ற நகர்ப்புறப் பகுதிகளில் பணியாற்றும் ஆசிரியருக்கு அப்போய் அந்நியன் அல்லன்.

குறைகளும் எதிர்வாதமும்

படத்தின் குறைகளையும் சுட்டுதல் கடன். பால்மரக் காட்டில் ஆணுக்கு நிகராக உழைத்த பெண்ணின் வரலாறு இதில் இடம்பெறவில்லை; தாய், ஆண்களின் மோதலுக்குச் சாட்சியாக ஒதுங்கி நிற்கிறார். தமிழ் இளைஞனைக் குண்டனாகக் காட்டுவது பிறர் நம்மீது கொண்ட இழிகருத்துக்கு வலுச்சேர்க்காதா என்பாரும் உளர். அக்கவலை நேரியது. ஆயினும் இழிகருத்து, காரணத்தை மறைத்து விளைவை மட்டும் காட்டும். இப்படமோ விளைவிலிருந்து காரணத்துக்கு அழைத்துச் செல்கிறது. இவ்வேறுபாடே அதனைக் காக்கிறது.

படம் சொல்லாமல் விட்டதை 2016ஆம் ஆண்டு மலேசியத் திரைப்பட விழா வெளிப்படுத்தியது. தேசிய மொழிப் படங்களுக்கு ஒரு பிரிவும் பிறமொழிப் படங்களுக்கு வேறொரு பிரிவும் வகுக்கப்பட்டிருந்தமையால், இந்நாட்டில் இந்நாட்டவரால் எடுக்கப்பட்ட ‘ஜகாட்’ முதன்மைப் பிரிவுக்கு வெளியே நின்றது. மலாய்க் கலைஞர்களே இதனை எதிர்த்தனர். ஒளிப்பதிவாளர் முகமட் நோர் காசிம் தாம் பெற்ற விருதுகளைத் திருப்பியளிக்க முன்வந்தார். இறுதியில் பிரிவுகள் மாற்றப்பட்டு, சிறந்த மலேசியத் திரைப்படம் என்னும் விருது ‘ஜகாட்’ படத்துக்கே கிட்டியது. வேலியை இட்டது விதி. அதனை அகற்றக் குரல் கொடுத்தோர் பல இனத்தவர். எதிரி ஓர் இனமன்று என்னும் படத்தின் பார்வைக்கு இந்நிகழ்வு அரணாகிறது.

எனவே ‘ஜகாட்’ அடிமை முறை பற்றிய படமா என்னும் வினாவுக்கு, அம்முறை முடிந்ததாக அறிவிக்கப்பட்ட பின்னர் எஞ்சியதைப் பற்றிய படம் என விடை கூறலாம். தமிழ் இலக்கிய வகுப்பில் தோட்டப்புற நாவல்களோடு இணைத்துக் கற்பிக்கத்தக்க தகுதி இதற்கு உண்டு. அவ்வாறு கற்பிக்கும் ஆசிரியர், அப்போய்க்கு மதிப்பெண் வழங்கும் இடத்தில் தாம் இருந்தால் என்ன செய்திருப்போம் என்பதை மாணவர்முன் விவாதிக்கத் துணிதல் வேண்டும்.