ஊர்க்குரலும் ஏலக்குரலும்: வடபுல நாடுகளின் உள்ளூர் வானொலி

ஐரோப்பாவின் வடபுலத்தே அமைந்த சுவீடன், டென்மார்க், நார்வே ஆகிய மூன்று நாடுகளிலும் வானொலி நெடுங்காலம் நாட்டிற்கு ஒன்றாகவே இருந்தது. முன்னிரண்டில் 1925இலும் நார்வேயில் 1933இலும் பொது ஒலிபரப்பு அமைப்புகள் தோன்றின. கல்வியும் கலையும் பரப்புதல் அவற்றின் நோக்கம். நல்ல நோக்கந்தான்; ஆயினும் தலைநகரத்தார் தேர்ந்தளித்ததையே நாடு முழுதும் கேட்க நேர்ந்தது.

இத்தனியுரிமையை முதலில் அசைத்தவை கப்பல்கள். 1958இல் டென்மார்க்கை அடுத்த கடலிலிருந்து ‘ரேடியோ மெர்க்குர்’ பாட்டும் விளம்பரமும் பரப்பலாயிற்று. 1961இல் சுவீடன் கரைக்கப்பால் ‘ரேடியோ நோர்ட்’ எழுந்தது. 1962இல் சட்டம் இரண்டையும் அடக்கிற்று. அதற்கு முன்னரே சுவீடன் வானொலி தானும் ஒரு மெல்லிசை ஒலிபரப்பைத் தொடங்கிவிட்டது. இளைஞர் விரும்பிய பாட்டுக் கிடைத்தது. ஊரார் பேசும் உரிமை கிடைத்திலது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதி எழுதுவோர் உளர், அது பொருந்தாது.

பேசும் உரிமை வந்தது 1979இல். சுவீடன் அவ்வாண்டு சோதனையாகத் தொடங்கிய முறையை அண்மை வானொலி எனலாம். ஏறத்தாழ 5 கிலோமீட்டர் எட்டும் சிறிய ஒலிபரப்பி. அதனைத் திருச்சபைகளும் கட்சிகளும் குடியேறியோர் சங்கங்களும் முறைவைத்துப் பகிர்ந்துகொண்டன. விளம்பரத்திற்கு அன்று இடமில்லை. பயிற்சியில்லாதார் ஒலிவாங்கிமுன் அமர்ந்தால் சொல் தடுமாறும், நேரம் தவறும். பயிற்சி ஆசிரியரின் முதல் மாதிரிப் பாடத்தைக் கண்டவர்க்கு இது வியப்பன்று! ஆளும் பொருளும் உடைய திருச்சபைகள் மிகுந்த நேரத்தைக் கைக்கொண்டமை மெய்யான குறை. அங்ஙனமாயினும், கேட்போனே பேசுவோனாகவும் ஆன முறை இதுவே என்பதால் யான் இதனை உயர்வாக மதிக்கின்றேன்.

1993இல் சுவீடன் தனியார் உள்ளூர் வானொலிக்கு வழி திறந்தது. உரிமம் யாருக்கு? ஏலத்தில் மிகுதியான ஆண்டுக்கட்டணம் கூறியவர்க்கு! ஒருவர்க்கு ஓர் உரிமமே என்று சட்டம் வரையறுத்தது. ஆனால் உடன்படிக்கைகளின் வழியே நிலையங்கள் பெருவலைகளுட் சேர்ந்தன. ஊர்தோறும் ஒரே பாட்டு, ஒரே அறிவிப்பாளர். பெயரளவில் உள்ளூர் வானொலி. உள்ளே ஊர் இல்லை. பெருந்தொகை கட்டியவர் அதனை மீட்கவே முயல்வர். ஆதலின் குற்றம் வணிகரைக் காட்டிலும் ஏலமுறையை வகுத்தார்மேலதே என்க.

டென்மார்க் 1983இல் உள்ளூர் வானொலியோடு தொலைக்காட்சியையும் சோதித்தது. 1988இல் ‘டிவி 2’ தோன்றியபோது, அதன் தலைமையகம் கோபன்ஹேகனில் அன்றி ஓடென்சே நகரில் அமைந்தது. எட்டு வட்டார நிலையங்களும் வளர்ந்தன. மாலை 7.30 மணிக்கு அவ்வவ்வட்டாரச் செய்தி வரும் ஏற்பாடு வேரூன்றியமைக்குப் பொதுப்பணமே துணை. தொலைக்காட்சிக்குச் செலவு மிகுதி. சங்கத்தாரின் கைப்பணத்தால் அது நாள்தோறும் நடவாது.

பொது அமைப்பு சிறுபான்மையோரை முற்றும் மறந்தது எனலும் தகாது. நார்வே வானொலி சாமி மொழியில் ஒலிபரப்பத் தொடங்கியது 1946இலேயே. ஆனால் பின்னர்க் குடியேறிய மொழியினர்க்கு உள்ளூர் நிலையங்களே பெரிதும் கைகொடுத்தன. அந்நாடு 1980களின் தொடக்கத்தில் இவற்றைச் சோதனையாக அனுமதித்து, 1988இல் விளம்பரமும் ஏற்க இசைந்தது. ஒஸ்லோவில் வாழும் ஈழத்தமிழர் தமிழில் ஒலிபரப்பியது இவ்வாயிலாகத்தான். தேர்ந்த அறிவிப்பாளர் இல்லையே என்று அவர்கள் காத்திருந்தால், அந்நகரில் பிறந்த பிள்ளைகள் வானொலியில் தமிழ் கேட்டிரார்.

2017இல் நார்வேயின் நாடளாவிய நிலையங்கள் பண்பலையை விட்டு எண்ணியல் ஒலிபரப்பிற்கு மாறின. சனவரியில் வடக்கே நோர்லாந்து மாவட்டத்தில் தொடங்கி டிசம்பரில் அப்பணி முடிந்தது. பெருநகரங்களின் பெரிய வணிக நிலையங்கள் நீங்கலாக, உள்ளூர் நிலையங்கள் பல பண்பலையிலேயே தொடர்ந்தன. நாட்டின் செய்திக்குப் புதுப்பெட்டி வாங்க வேண்டியிருந்தது. ஊர்ச்செய்திக்குப் பழைய பெட்டியே போதுமாயிருந்தது.