‘தோல்’ புதினமும் நம் இளைஞரும்

எழுத நேரமில்லையென நம் இளைஞர் பலர் குறைப்படுகின்றனர். திண்டுக்கல்லில் வழக்குரைஞராய் வாழ்ந்த டி. செல்வராஜின் ‘தோல்’ புதினத்தை அவர்கள் கற்பாராக! 2010-இல் அது வெளிவந்தபோது ஆசிரியர் எழுபதைக் கடந்திருந்தார். 2012-இல் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. இவ்வூர்த் தோல் பதனிடும் தொழிலாளர் பட்ட துயரையும், அவர்கள் சங்கமாய்த் திரண்டதையும் அது விரித்துரைக்கிறது. இயக்கச் சார்பு சிற்சில இடங்களில் மேலோங்கினும், உழைப்பாளரை அருகிருந்து அறிந்த அறிவே நூலுக்கு உயிர். நீதிமன்ற அலுவல் அவ்வெழுத்தைத் தடுத்துவிடவில்லை.

அத்தொழிலில் நம்மவரும் இருந்தனர். பேகம்பூர் முதியோர் நெஞ்சிலுள்ள கதைகள் அவர்களோடு மறையலாமா? சிறிதாயினும் நிலைத்துச் செய்யும் அமலே இறைவனுக்கு உவப்பென்பது நபிமொழி. சுபுஹுத் தொழுகைக்குப்பின் நாளும் ஒரு பக்கம் எழுதுக! ஈராண்டில் புதினமொன்று உருவாகும், இன்ஷா அல்லாஹ்.