முடிச்சில் சிக்கிய முடி

‘போரும் அமைதியும்’ நாவலில் ஃப்ரீமேசன் சங்கம் வரும் பக்கங்களைத் தாண்டிப் போகிறவர்கள் உண்டு. முதல் வாசிப்பில் நானும் அதைத்தான் செய்தேன். ‘போர் எப்ப வரும்’னு காத்திருந்தவனுக்கு மண்டையோடும் சவப்பெட்டியும் எதற்கு? இரண்டாம் வாசிப்பில்தான் எதைத் தவறவிட்டேன் என்று தெரிந்தது.

துப்பாக்கிச் சண்டையில் ஒருவனைக் காயப்படுத்தி, மனைவியையும் பிரிந்து, எதற்கு வாழ்கிறோம் என்று தெரியாமல் நிற்கிற பியர் பீட்டர்ஸ்பர்க்கில் அந்தச் சங்கத்தில் சேர்கிறான். கண்ணைக் கட்டி இருட்டறைக்குக் கூட்டிப்போகிறார்கள். கையிலிருக்கும் விலையுயர்ந்த பொருள்களைக் கொடுக்க வேண்டும். அது தாராள மனதின் அடையாளம். உடையைக் களைய வேண்டும்; அது கீழ்ப்படிதலின் அடையாளம். இடது மார்பைத் திறந்து, இடது கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டி, இடது காலுக்கு ஒரு செருப்பு தருகிறார்கள். மார்புக்கு நேரே வாள்கள். பியர் அவற்றை நோக்கி நெஞ்சை நீட்டுகிறான், வாள்கள் விலகிக்கொள்கின்றன. கடைசியில் சாந்துக்கரண்டி. தன் மனதைச் சுத்தம் செய்யவும் பிறர் மனதைப் பொறுமையாகச் சமன்படுத்தவும் என்று விளக்கம்.

கட்டுமானத் தளத்தில் வேலை செய்பவன் நான். அங்கே கரண்டி சாந்து பூச மட்டும்தான். கல்தச்சரின் கருவியைக் கனவான்கள் கையில் எடுக்கும்போதுதான் அதற்கு அர்த்தம் தேவைப்படுகிறது போலும்.

பழகிய ஒன்றை முதன்முறை பார்ப்பதுபோல் காட்டுவதே டால்ஸ்டாயின் உத்தி என்று 1917இல் ஷ்க்லோவ்ஸ்கி எழுதினார். அந்தக் கண்ணோடு பார்த்தால் இது கேலிதான். கண்கட்டின் முடிச்சில் பியரின் தலைமுடி சிக்கி வலிக்கிறது. எதிரே இருப்பவருக்குச் சிரமம் வேண்டாமே என்று அவன் வலது காலணியையும் கழற்றப் போகிறான். ‘அது வேண்டாம்’ என்கிறார்கள்.

ஆனால் கேலி என்று சொல்லி முடித்துவிட என்னால் முடியவில்லை. ஏனென்றால் 1812இல் இதெல்லாம் திரும்பி வருகிறது. மாஸ்கோவில் பிரெஞ்சுப் படை கைதிகளைச் சுடுகிறது. பியர் ஆறாவதாக நிற்கிறான். அவனுக்கு முன்னால் ஐந்தாவது ஆள், ஒரு தொழிற்சாலைப் பையன். அவன் கண்ணைக் கட்டும்போது பின்னந்தலையில் முடிச்சு உறுத்துகிறது. அவனே கையால் அதைச் சரிசெய்துகொள்கிறான். அடுத்த நிமிடம் சுடப்படுகிறான். இந்த முறை துப்பாக்கிகள் விலகவில்லை.

சாகாமல் தப்பிய பியர் இருண்ட கொட்டகைக்கு வருகிறான். பொருள் எதுவும் மிச்சமில்லை. சிறைநாட்களில் இரண்டு கால்களுமே வெறுங்கால்தான். அங்கே பிளாத்தோன் கரதாயெவ் அவனுக்குச் சுட்ட உருளைக்கிழங்கை உப்புத் தூவித் தருகிறான். அது எதற்கு அடையாளம் என்று யாரும் விளக்குவதில்லை.

சங்கம் விளக்கம் சொன்ன கரண்டி அங்கே வரவில்லை. விளக்கமே இல்லாத முடிச்சும் வெறுங்காலும்தான் வந்தன. டால்ஸ்டாய் 1866இல் மாஸ்கோவின் ருமியாந்த்சேவ் அருங்காட்சியகத்தில் மேசன்களின் கையெழுத்துப் பிரதிகளைப் படித்தவர். சடங்கின் விவரங்கள் தெரிந்தும், தன் அழுத்தத்தை இந்தச் சின்ன அசௌகரியங்களில் வைத்திருக்கிறார்.

பியரின் சங்க நாட்குறிப்புப் பக்கங்கள் இழுக்கின்றன, மறுக்கவில்லை. ஆனாலும் அந்த இருட்டறையை மட்டும் தாண்டாதீர்கள். தாண்டினால், சுடப்படும் பையன் முடிச்சைச் சரிசெய்யும் அந்த ஒரு வரி உங்களுக்கு வெறும் தகவலாகத்தான் கடந்துபோகும். எனக்கு முதல் தடவை அப்படித்தான் போனது.