உத்தியும் சம்மதமும்

உத்தி நடுநிலையானது, எந்த விஷயத்தையும் அதில் ஏற்றிக்கொள்ளலாம் என்கிற பேச்சு நம்மிடையே சகஜம். இதைச் சந்தேகிக்க வைக்கும் சரித்திரம் ஒன்று இலக்கியத்துக்கு வெளியே, ஒரு மேஜிக் பத்திரிகையில் இருக்கிறது.

'ஸ்ஃபிங்க்ஸ்' அமெரிக்காவில் 1902 முதல் 1953 வரை மேடை ஜாலவித்தைக்காரர்களுக்காக நடந்த மாத இதழ். கான்ஸாஸ் ஸிட்டி வைத்தியர் ஏ. எம். வில்ஸன் நெடுங்காலம் அதன் ஆசிரியர். 1930இல் அவர் இறந்தபின் பொறுப்பு ஜான் முல்ஹாலண்டிடம் வந்தது. ரகசியங்களை அச்சிட்டு விற்கும் பத்திரிகை என்பதே ஒரு முரண். ஆனால் அதன் ஒழுக்கமும் அந்த முரணில்தான் இருந்தது. செய்முறை தொழில் தெரிந்தவர்களிடையே பகிரப்பட்டது, சபையிடம் மறைக்கப்பட்டது. சபையில் இருந்தவனோ டிக்கெட் வாங்கும்போதே ஏமாறச் சம்மதித்தவன். தான் ஏமாறுவது தெரிந்து அவன் அடைகிற வியப்புதான் இந்தக் கலை.

1953இல் முல்ஹாலண்ட் பத்திரிகையை நிறுத்தினார். அதே ஆண்டு அமெரிக்க உளவு ஸ்தாபனமான சி.ஐ.ஏ.வுக்கு, 3,000 டாலருக்கு, ஒரு கையேடு எழுதித்தர ஒப்புக்கொண்டிருந்தார். மாத்திரையை, பொடியை, திரவத்தைப் பிறர் கண்ணில் படாமல் பானத்தில் சேர்ப்பது எப்படி என்பது அதில் முக்கிய விஷயம். எம்.கே.அல்ட்ரா என்ற திட்டத்தின் பகுதி இது. அந்தத் திட்டத்தில் ஒன்றுமறியாத ஆட்களுக்கு எல்.எஸ்.டி. கொடுத்துப் பரிசோதித்தார்கள். 1973இல் திட்டத்தின் கோப்புகளை அழித்தார்கள். தப்பிய கையேடு 2009இல் புத்தகமாக வந்தது.

கையின் லாவகம் அதேதான். கவனத்தைத் திசைதிருப்பும் சாமர்த்தியமும் அதேதான். மாறியது எதிரே உட்கார்ந்திருப்பவனின் நிலை. மேடைக்கு முன்னால் அவன் ரசிகன். இங்கே அவன் இரை. அவனுடைய சம்மதம் விலகியதும் ஐம்பது வருஷத்து வித்தை வெறும் வஞ்சகமாகிவிடுகிறது. உத்தியைத் தனியே எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தால் இந்த வித்தியாசம் கண்ணுக்குப் படாது.

எழுத்துக்கு வருகிறேன். புனைவு என்று தெரிந்தே வாசகன் உள்ளே வருகிறான். அவன் தருகிற சம்மதம் அவ்வளவுதான். அதைச் சாக்காக வைத்து, அவன் அறியாமல் ஒரு கொள்கையையோ ஜாதி வன்மத்தையோ கரைத்துக் கொடுக்கிற கதைகள் இருக்கின்றன. அவற்றை 'உத்தி பிரமாதம்' என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறோம். கையின் வேகத்தை மெச்சுகிறவன் கோப்பைக்குள் என்ன விழுந்தது என்றும் கேட்க வேண்டும். விமர்சனம் அங்கேதான் தொடங்குகிறது.