எஸ்2000: பின்டயருக்கு எவ்வளவு அகலம் போதும்?

ஹோண்டா எஸ்2000 வாங்கியவர்கள் பெரும்பாலும் முதலில் மாற்ற நினைப்பது பின்டயரைத்தான். அதற்கு வலுவான காரணமும் உண்டு. 1999-இல் வந்த முதல் காரில் முன்னால் 205/55 ஆர்16, பின்னால் 225/50 ஆர்16. இரண்டு லிட்டர் எஞ்சின் 9,000 ஆர்பிஎம் வரை சீறும், இழுவை முழுக்கப் பின்சக்கரங்களில். வளைவின் நடுவே பதறி ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எடை முன்னால் சாயும், பின்பக்கம் லேசாகிச் சட்டென்று வெளியே வீசும். மழைநாளில் இன்னும் மோசம். கைதேர்ந்தவர்களையும் அது சுழற்றிவிட்டிருக்கிறது.

2004 மாடலில் ஹோண்டா 17 அங்குல வீல்களுக்கு மாறியது. முன்டயர் 215/45, பின்டயர் 245/40. பின்னால் 20 மி.மீ. கூடுதல். ஆனால் டயரோடு அவர்கள் நிற்கவில்லை. சஸ்பென்ஷன் அமுங்கும்போது பின்சக்கரம் திசை மாறும் அளவையும் குறைத்தார்கள். கார் அடங்கியதில் இரண்டுக்கும் பங்கு உண்டு. 2008-இன் சிஆர் பதிப்பில் பின்டயர் 255/40 ஆனது, முன்னால் அதே 215.

டயர் அகலமானால் தரையில் படும் பரப்பு அதே விகிதத்தில் பெருகாது. அதைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை டயர்மேல் இறங்கும் எடையும் காற்றழுத்தமும்தான். மாறுவது பரப்பின் வடிவம். நீளம் குறைந்து அகலம் கூடுவதால், வளைவில் டயர் குறைவாக நெளிந்தே காரைத் தாங்குகிறது. தேங்கிய நீரை ஒதுக்க மட்டும் அது அதிகம் திணறும்.

245-இலிருந்து 255-க்குப் போனால் டயரின் வெளிவிட்டம் சுமார் 628 மி.மீ.யிலிருந்து 636 ஆகிறது. கியர் ஒன்றேகால் சதவீதம் நீண்டதுபோல் ஆகும், அது பெரிதாகத் தெரியாது. இடம்தான் சிக்கல். 255-க்காக, ஆஃப்செட் (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து அது ஹப்பில் பொருந்தும் தளம் வரை உள்ள தூரம், மி.மீ.யில்) 65 கொண்ட 8.5 அங்குல ரிம்முக்குப் பதில் ஆஃப்செட் 63 கொண்ட 9 அங்குல ரிம் போட்டால், வெளிவிளிம்பு 8 மி.மீ.க்கு மேல் வெளியே வரும், உள்விளிம்பு 4 மி.மீ. உள்ளே போகும். காரைத் தாழ்த்தியிருந்தால் ஃபெண்டரின் உள்மடிப்பு டயரைச் சீவிவிடும். பலர் அந்த மடிப்பை உருட்டி அழுத்துவது இதனால்தான்.

சாலையில் மட்டும் ஓட்டுபவருக்கு 245 தாராளம். இறுகிப்போன பழைய 255-ஐவிட, நல்ல ரப்பரில் வந்த புதிய 245 பலமடங்கு நம்பகமானது. பின்னால் மட்டும் அகலத்தை ஏற்றிக்கொண்டே போனால் ஸ்டீயரிங்கைத் திருப்பியும் மூக்கு நேராகவே ஓடப் பார்க்கும். எஸ்2000-இன் பெரிய இன்பமே அந்த மூக்கின் கூர்மை, அதை இழக்கக் கூடாது.

பந்தயத் தடத்துக்குப் போகிறவர்களில் பலர் நான்கு சக்கரங்களுக்கும் 255 போடுகிறார்கள். முன் ஃபெண்டரிலும் வேலை இருக்கும். ஆனால் முன், பின் டயர்களை இடம் மாற்றித் தேய்மானத்தைச் சமப்படுத்தலாம். 215-245 ஜோடியில் அதற்கு வழியில்லை.